நான்காவது கருவி

மார்ச் 10, திங்கள்

இன்று மூன்று ஃபைல் பாதியில் நின்றுபோயின. ஒன்று ஒரு கிழவரின் இதயம், இன்னொன்று ஒரு பெண்ணின் முழங்கால். மூன்றாவது என்ன என்றே தெரியவில்லை, திறக்கவே இல்லை. அமெரிக்காவில் டாக்டர்கள் வாய்க்குள்ளேயே முனகுவதைத் திருச்சியில் உட்கார்ந்து காதில் மாட்டிக் கேட்டு, அறிக்கையாகத் தட்டி அனுப்புவது என் வேலை. பதினோரு வருடமாக இந்த வீட்டு ஹாலில் இருந்தே செய்கிறேன். காலை ஒன்பதரைக்கு ஹெட்போனை மாட்டினால் சாப்பாட்டுக்குத்தான் கழற்றுவேன். மறுபடி மாட்டினால் ஆறரை. நடுவில் கூரை இடிந்து விழுந்தாலும் எனக்குத் தெரியாது.

டீம் லீடர் போன் செய்தாள். ஹாஸ்டலில் இருக்கும் என் மகளைவிட நாலு வயது மூத்தவளாக இருப்பாள்.

"வசுமதி மேடம், இந்த மாசம் இது ஆறாவது லேட். மேல கேக்குறாங்க."

"நெட் போயிருச்சும்மா."

"எல்லாரும் அதைத்தான் மேடம் சொல்றாங்க."

எல்லாரும். பதினோரு வருடம் ஒரு நாள் தாமதமில்லாமல் அனுப்பியவள் இப்போது எல்லாரும் ஆகிவிட்டேன்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்ததும் சொன்னேன். "நெட்டுன்னா முன்னப் பின்ன இருக்கும் வசு" என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். இப்போதெல்லாம் வந்ததும் குளியல். முன்பு என்றால் காபியோடு உட்கார்ந்து துவாக்குடி கம்பெனியில் யார் யாரோடு சண்டை, எந்த லாரி வரவில்லை என்று ஸ்டோர்ஸ் கதை முழுவதும் என் தலையில் கொட்டுவார். அந்தத் தொல்லை இல்லை என்று சந்தோஷப்பட வேண்டியதுதான்.

மார்ச் 11, செவ்வாய்

நெட் கம்பெனியிலிருந்து ஆள் வந்தார். மோடத்தைத் தடவிப் பார்த்தார், ஒயரை ஆட்டிப் பார்த்தார். பிறகு என் கம்ப்யூட்டரில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார்.

"லைன் நல்லா இருக்கு மேடம். இப்ப இதுல நாலு கருவி ஓடிட்டிருக்கு. உங்க கம்ப்யூட்டர், உங்க போன், டிவி. இந்த நாலாவது யாரோடது?"

வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். அவர் கம்பெனியில். அவருடைய போன் அவரோடு போய்விட்டது.

"இங்க வேற யாருமே இல்லையே."

"அப்ப வெளியாளுங்க யாரோ உக்காந்திருக்காங்க. வீடியோ பாக்குறாங்க போல, நல்லா இழுக்குது. பாஸ்வேர்டை மாத்துங்க மேடம். எத்தனை வருஷமா மாத்தல?"

இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மாற்றவில்லை. அதை அந்த ஆளிடம் சொல்லவில்லை.

நான்காவதற்குப் பெயர் இல்லை. எழுத்தும் எண்ணுமாக நீளமாக ஒரு வரி. கருவி பிறக்கும்போதே அதற்கு இட்ட நம்பராம், மாறாதாம். அதை இந்த நோட்டின் பின்னட்டையில் எழுதி வைத்திருக்கிறேன். திருடனின் நம்பர்.

மார்ச் 12, புதன்

பாஸ்வேர்டை மாற்றினேன். பதினாறு எழுத்து. கடவுளே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. சாயங்காலம் அவருடைய போனில் நானே போட்டுக் கொடுத்தேன். "சொல்லு, எழுதியும் வெச்சுக்கறேன்" என்று ஒரு சீட்டில் குறித்துப் பர்சில் வைத்துக்கொண்டார். என்னை விட அக்கறையாக இருக்கிறார்.

மார்ச் 13, வியாழன்

பத்து பத்துக்கு வந்துவிட்டது. அதே நம்பர்.

நான் கையைக் கீபோர்டில் இருந்து எடுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருக்கிறேன், உள்ளே ஒருவர் கால் நீட்டி உட்கார்ந்து படம் பார்க்கிறார். மதியம் ஒன்றிலிருந்து ஒன்றே முக்கால் வரை அசைவில்லை. சாப்பாட்டு நேரம் போல. நான்கரைக்குக் கிளம்பிப் போய்விட்டது. ஆபீஸ் நேரம் வைத்துத் திருடுகிறார்கள்.

மார்ச் 14, வெள்ளி

அவரிடம் கேட்டேன். "புது பாஸ்வேர்டு எனக்கும் உங்களுக்கும் மட்டும்தானே தெரியும்? எப்படி உள்ள வராங்க?"

தோசையைப் பிய்த்தபடியே, "இப்பல்லாம் அதுக்குன்னே ஆப் வந்திருக்காம். பக்கத்துல எந்த வைஃபை இருந்தாலும் உடைச்சிருமாம்" என்றார்.

"அப்ப யாரோ இந்த பில்டிங்லதான்."

"இருக்கலாம். விடேன் வசு. கொஞ்சம் நெட்டுதானே."

கொஞ்சம் நெட்டு. என் வேலை எப்போதும் இவருக்குக் கொஞ்சம்தான். சொந்தக்காரர்கள் கேட்டால் "வசு வீட்ல சும்மா டைப் பண்றா" என்பார். ஸ்டோர்ஸ் மேனேஜருக்கு வருவது வேலை, எனக்கு வருவது பொழுதுபோக்கு. அவரோ போன வாரம் தன் போனில் இருந்த டேட்டா பேக்கையே நிறுத்திவிட்டார், வீட்டில்தான் வைஃபை இருக்கிறதே என்று. அந்த வைஃபையை எவரோ தின்கிறார்கள் என்றால் விடு என்கிறார்.

கோபத்தில் அவருடைய பேண்டை அடித்துத் துவைத்தேன். பின்பக்கம் முழுவதும் சுண்ணாம்பு. கம்பெனியில் வெள்ளையடிக்கிறார்களோ என்னவோ. கழுத்தும் கருத்துப் போயிருக்கிறது. தொப்பி போடுங்கள் என்றால் கேட்பதில்லை.

மார்ச் 17, திங்கள்

உட்கார்ந்து யோசித்தேன். எங்கள் கட்டடத்தில் ஒன்பது வீடு, எங்கள் மாடிதான் கடைசி. பகலில் பத்து முதல் நான்கரை வரை ஆள் இருக்கும் வீடு எது? கீழே நாச்சியப்பன் சார் இருக்கிறார். அசோசியேஷன் செயலாளர், ரிட்டயர்டு, போனை எடுக்கவே பேத்தி வேண்டும். அங்கிருந்து இரண்டாவது மாடி சிக்னல் கிடைக்கவும் கிடைக்காது. முதல் மாடியில் பகலில் இருப்பவர்கள் டிவியோடு சரி. எங்கள் மாடியில் மூன்று வீடு. ஒன்று பூட்டிக் கிடக்கிறது. ஒன்று நாங்கள்.

எதிர் வீடு ஜெசிந்தா. தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ். இந்த வருடம் முழுவதும் நைட் டூட்டி. காலை எட்டரைக்கு வருவாள், பகல் முழுவதும் வீட்டில். தனி ஆள். பொங்கல் சமயத்தில் அவள் லைன் போய்விட்டது என்று கேட்டாள், ஒரே ஒரு நாளுக்குப் பாஸ்வேர்டு கொடுத்தேன். ருசி கண்டுவிட்டாள்.

நினைக்க நினைக்க எரிகிறது. கொழுக்கட்டை செய்தால் முதல் தட்டு அவளுக்குத்தான் போகும்.

மார்ச் 19, புதன்

வைஃபையின் பெயரையே மறைத்துவிட்டேன். இனிமேல் யாருடைய போனிலும் எங்கள் பெயர் தெரியாது. பெயர் தெரிந்தவர் மட்டுமே வரமுடியும். பாஸ்வேர்டையும் மறுபடி மாற்றினேன். அவருக்குச் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

மார்ச் 20, வியாழன்

பத்து ஐந்து. வந்துவிட்டது.

மார்ச் 21, வெள்ளி

நேராகவே போய்க் கேட்டுவிட்டேன். கதவைத் திறந்தாள், தூக்கம் கலைந்த முகம்.

"ஜெசி, உண்மையைச் சொல்லு. எங்க வைஃபைல நீதானே இருக்க?"

"இல்லக்கா. எனக்குத்தான் லைன் இருக்கே."

"உன் லைன்தான் அடிக்கடி போகுதே. தினமும் பகல்ல யாரோ வராங்க. பகல்ல இந்த மாடியில உன்னையும் என்னையும் விட்டா யாரு?"

அவள் பார்வை மாடிப்படி பக்கம் போய் வந்தது.

"நான் எடுக்கலக்கா. அவ்ளோதான் எனக்குச் சொல்ல முடியும்."

அவ்வளவுதான் சொல்ல முடியுமாம். எடுக்காதவள் எப்படிப் பேசுவாள்? என்னக்கா இப்படிச் சொல்லிவிட்டீர்கள் என்று சண்டைக்கு வரமாட்டாளா? திருடுகிறவர்களுக்குத்தான் இந்த அமைதி வரும்.

மார்ச் 23, ஞாயிறு

அசோசியேஷன் மீட்டிங். கீழே கார் நிறுத்தும் இடத்தில் நாற்காலி போட்டுப் பத்து மணிக்கு. தண்ணீர் மோட்டார், குப்பை வண்டி, அதே பழைய பாட்டு. கடைசியில் நாச்சியப்பன் சார் "வேற ஏதாவது உண்டா?" என்று கேட்டார். எழுந்தேன்.

பெயர் சொல்லக்கூடாது என்றுதான் நினைத்திருந்தேன். "நம்ம பில்டிங்ல ஒருத்தர் அடுத்தவங்க நெட்டைத் திருடுறாங்க. கேட்டா முகத்துக்கு நேரா பொய் சொல்றாங்க" என்றேன். யார் யார் என்று நாலு பக்கமும் கேட்டார்கள். என் கண் ஜெசிந்தா மேல் நின்றது. எல்லார் கண்ணும் அங்கே போனது.

"ஏம்மா, அப்படியா?" என்றார் நாச்சியப்பன் சார்.

அவள் எழுந்தாள். என்னைப் பார்க்கவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இவரைப் பார்த்தாள். சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். இவர் தரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். ஒரு பெண் அப்படி முறைத்துப் பார்க்கும்போது தலையைக் குனிந்துகொள்கிற ஆண்பிள்ளை.

"நான் எடுக்கல சார்" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விட்டாள்.

முதல் மாடி அம்மாள் ஒருத்தி, "தனியா இருக்கறவங்களுக்கு வீடு குடுத்தா இப்படித்தான்" என்றாள். அது எனக்கு ஒப்பவில்லை. ஆனால் மறுக்கவும் இல்லை. நான் கேட்டது நெட்டைப் பற்றி. மற்றவர்கள் பேசுவதற்கு நான் பொறுப்பா?

வீட்டுக்கு வந்ததும், "நீங்க ஒரு வார்த்தை எனக்காகப் பேசுனீங்களா?" என்று இவரிடம் கத்தினேன். "தலை வலிக்குது" என்றார்.

மார்ச் 24, திங்கள்

இன்று நான்காவது கருவி வரவில்லை. பார்த்தீர்களா.

மார்ச் 25, செவ்வாய்

வரவில்லை. எல்லா ஃபைலும் நேரத்துக்குப் போனது.

மார்ச் 26, புதன்

பத்தே காலுக்கு வந்தது. இரண்டு நாள் வெட்கம், மூன்றாம் நாள் பழைய குணம். தொட்டதற்கெல்லாம் இன்று எரிச்சல். டம்ளர் ஒன்றை உடைத்தேன்.

மார்ச் 27, வியாழன்

நெட் கம்பெனி ஆளைப் போனில் பிடித்தேன். பாஸ்வேர்டு எதற்கு, அந்த நம்பரையே தடுத்துவிடுங்கள் மேடம் என்றார். எந்தப் பக்கத்தில், எந்த வரியில் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். அந்த நம்பரைத் தடுப்புப் பட்டியலில் போட்டால் பாஸ்வேர்டு தெரிந்தாலும் உள்ளே வரமுடியாதாம்.

இப்போதே செய்திருக்கலாம். செய்யவில்லை. ஆள் இல்லாத நேரத்தில் கதவைச் சாத்தினால் என்ன பிரயோஜனம்? உள்ளே உட்கார்ந்து அனுபவித்துக்கொண்டிருக்கும்போது சாத்த வேண்டும்.

மார்ச் 28, வெள்ளி

செய்தேன்.

பதினோரு மணிக்கு நான்காவது வந்தது. இன்று என்றைக்கும் இல்லாத இழுப்பு. வருவது மட்டுமில்லை, போவதும். வீடியோவில் யாரோடோ பேசுகிறாள். பேசட்டும் என்று காத்திருந்தேன். இருபது நிமிடம் போல ஆனது. பதினொன்று இருபதுக்குத் தடுப்பில் போட்டேன். பட்டியலில் அந்த வரி அணைந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்து முட்டியது. மறுபடி. மறுபடி. பதினான்கு முறை எண்ணினேன். இத்தனை வருடத்தில் எந்தச் சினிமாவும் எனக்கு இவ்வளவு சந்தோஷம் கொடுத்ததில்லை. எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

சாயங்காலம் இவர் வந்ததும் முதல் வேலையாகச் சொன்னேன். "இன்னைக்குப் பிடிச்சுட்டேங்க. நடு வீடியோல அறுத்துவிட்டேன். பதினாலு தடவை வந்து முட்டினா."

காபி டம்ளரைக் கீழே வைத்தார். "எத்தனை மணிக்கு?"

"பதினொண்ணு இருபது."

தலையை ஆட்டினார். "சரி" என்றார். போய்ப் படுத்துக்கொண்டார். டிபன் கேரியரைத் திறந்தால் சாப்பாடு அப்படியே இருக்கிறது. எலுமிச்சை சாதம் வேண்டாம் என்றால் காலையிலேயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே.

மார்ச் 30, ஞாயிறு

இரண்டு நாளாக இந்த மனிதர் வாயைத் திறக்கவில்லை. கேட்டால் "ஒண்ணுமில்ல". நான் ஜெயித்தது யாருக்குமே பிடிக்கவில்லை போலிருக்கிறது.

ஏப்ரல் 1, செவ்வாய்

நேரத்தோடு எழுதி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு வேறு மாதிரி எழுதுவேன்.

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதிலிருந்து ஐந்து மணி வரை கரண்ட் இல்லை. லீவு போட்டுவிட்டேன். மிளகாய் காயவைக்கலாம் என்று பதினோரு மணிக்கு முறத்தை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். நான் அங்கே போவதே இல்லை. துணியெல்லாம் பால்கனியில்தான்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இரண்டடி நிழல். அங்கே நீல நிற பிளாஸ்டிக் சேரில் இவர் உட்கார்ந்திருந்தார். இன் பண்ணின சட்டை, பெல்ட், கழுத்தைச் சுற்றி நனைத்த கைக்குட்டை. முதுகு சுவரில் சாய்ந்திருந்தது. காலடியில் டிபன் கேரியர். மடியில் ஒரு டேப்லெட், அணைந்து கிடந்தது.

என்னைப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை.

"கரண்ட் வந்துருச்சா?" என்று கேட்டார்.

"வரல."

முறத்தைக் கீழே வைத்தேன். எங்கே வைத்தேன் என்று தெரியாமல் வைத்தேன், பாதி மிளகாய் கொட்டியது.

"கம்பெனிக்குப் போகலையா?"

"இல்ல."

"இன்னைக்கா?"

"இல்ல வசு. ஜனவரி இருபத்தி மூணுலேர்ந்து."

ஸ்டோர்சையே மூடிவிட்டார்களாம். எல்லாம் சென்னையிலிருந்து கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்வார்களாம். இவரோடு ஒன்பது பேர். கணக்குத் தீர்த்துக் கொடுத்த பணத்திலிருந்துதான் மாதாமாதம் சம்பளம் போல எனக்குத் தந்திருக்கிறார். அன்றைக்கே சொல்லத்தான் நினைத்தாராம். நான் ஹெட்போனில் இருந்தேனாம். மறுநாள் சொல்லலாம் என்று வழக்கம்போலக் கிளம்பினாராம். அதற்கு மறுநாளும். முதலில் பஸ் ஸ்டாண்டு, பிறகு நூலகம். வேலைக்கு மனுப் போட நெட் வேண்டும், டேப்லெட்டை ஒரு பழைய சிநேகிதரிடம் வாங்கினாராம். ஸ்கூட்டரை மார்க்கெட்டில் நிறுத்திவிட்டு, நான் வேலைக்கு உட்கார்ந்த பிறகு படியேறி வந்துவிடுவாராம்.

"தினமும் என்ன வீடியோ பாத்தீங்க?"

"ஸ்டோர்ஸ் சாஃப்ட்வேர் பாடம். எங்க போனாலும் அது தெரியுமான்னு கேக்கறாங்க."

"வெள்ளிக்கிழமை?"

"ஓசூர்ல ஒரு கம்பெனி. ரெண்டாவது இன்டர்வியூ. மூணு பேர் கேட்டாங்க. நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு." டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தார். "அறுந்ததும் போன்ல வரலாம்னா உன் லிஸ்ட்ல என் பேர் தெரிஞ்சிரும். அப்புறம் மெயில் போட்டேன். பதில் இல்ல."

வெயில் மண்டையைப் பிளந்தது.

"நீ கீழ டைப் பண்ணிட்டிருப்ப, நான் மேல. பக்கத்துலதானே இருக்கோம்னு நெனச்சுக்குவேன்" என்றார்.

அடித்திருப்பேன். உண்மையிலேயே கை எழுந்தது. பக்கத்தில் இருந்தோமாம்.

சேரின் முதுகில் மார்க்கர் பேனாவில் 'ஜெ' என்று எழுதியிருந்தது.

ஏப்ரல் 2, புதன்

அவளுக்குப் பிப்ரவரியிலேயே தெரியும். யூனிஃபார்ம் காயப்போட வந்தவள் இவர் தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாளாம். ஒன்றும் கேட்கவில்லையாம். மறுநாள் அந்த இடத்தில் சேர் இருந்ததாம். அதற்கு மறுநாள் ஒரு பாட்டில் தண்ணீர். ஒரே ஒரு தடவை, "அக்காட்ட சொல்லலையா சார்?" என்று கேட்டாளாம். "சொல்லிடுவேன், நீங்க சொல்லிடாதீங்க" என்றாராம் இவர்.

"மீட்டிங்ல அவ உங்களைப் பாத்தாளே. பாத்துட்டே நின்னாளே. அப்ப என்ன தேடினீங்க தரையில?"

அவர் கைக்குட்டையை மடித்தார்.

"ஆப் வெச்சு உடைச்சிருப்பாங்கன்னு சொன்னீங்க. பில்டிங்ல யாரோன்னதும் இருக்கலாம்னீங்க. என்னை அவமேல ஏவிவிட்டதே நீங்கதான்."

"நீ அந்தப் பொண்ணு கிட்ட போவேன்னு நான் நினைக்கல வசு."

"வேற யார்கிட்ட போவேன்? சுவத்துகிட்டயா?"

பத்து வாரம் ஒரே வீட்டில் இருந்தும் பெண்டாட்டி கவனிக்கவில்லையா என்று நாளைக்கு நாலு பேர் கேட்பார்கள். எனக்கு வேலை இருந்தது. குளித்தது, கழுத்து கருத்தது, பேசாமல் இருந்தது, இதையெல்லாம் கோர்த்துப் பார்க்க நான் என்ன போலீஸா? போலீஸ் மாதிரி தேடியது என்னவோ உண்மைதான். வீட்டுக்கு வெளியே தேடினேன்.

ஏப்ரல் 3, வியாழன்

ஜெசிந்தா வீட்டுக்குப் போனேன். உள்ளே வரச் சொன்னாள், உட்காரச் சொல்லவில்லை. ஹாலில் நாலு அட்டைப் பெட்டி அடுக்கியிருந்தது.

"நீ சொல்லியிருக்கலாமே ஜெசி."

"சார் சொல்லாதீங்கன்னாங்க. சரின்னு சொல்லிட்டேன்."

"அத்தனை பேர் முன்னாடி நான் அப்படிக் கேட்டப்பகூடவா?"

"அப்ப சாரே சொல்லுவாங்கன்னு பாத்தேன்" என்றாள்.

"மன்னிச்சுரும்மா" என்றேன்.

"அக்கா, நீங்க கதவைத் தட்டி மன்னிப்பு கேக்குறீங்க. என்னைத் திருடின்னு கதவைத் தட்டி மட்டுமா சொன்னீங்க? கீழ எல்லாருக்கும் முன்னாடி சொன்னீங்க. ஓனர் மஸ்கட்லேர்ந்து போன் பண்ணாரு. மாசக் கடைசில காலி பண்ணச் சொல்லிட்டாரு. கீழ் வீட்டு அம்மா தொட்டில் விசேஷத்துக்கு வந்த பேரப்புள்ளைய என்கிட்ட தூக்கக் குடுக்கல. நெட் திருடினவ புள்ளையை என்னக்கா பண்ணுவேன்?"

அவள் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் நானும் உயர்த்தியிருப்பேன், கொஞ்சம் லேசாகியிருக்கும்.

"எங்க சொன்னீங்களோ அங்க போய்ச் சொல்லுங்கக்கா" என்றாள்.

ஏப்ரல் 5, சனி

எங்கே சொன்னேனோ அங்கேயே திருப்பிச் சொல்ல வேண்டும் என்று இவரிடம் சொன்னேன். அடுத்த ஞாயிறு மீட்டிங்.

"ஜெசிந்தா மேல தப்பில்லன்னு சொல்லிரு. ஏதோ மோடம் கோளாறுன்னு சொல்லிரு" என்றார்.

"அப்ப நாலாவது யாருன்னு கேப்பாங்க."

"தெரியலைன்னு சொல்லு."

"தெரியலைன்னா அவதான்னு ஆயிரும். பாவம்னு விட்டுட்டேன்னு நெனப்பாங்க."

"நாச்சியப்பன் சார் தினமும் காலைல என்னோட வாக்கிங் வராரு வசு. மேனேஜர் சார், மேனேஜர் சார்னு கூப்பிடறாரு. அவர் முன்னாடி நான் எப்படி..."

"அவ எப்படி நின்னா?"

கதவைச் சாத்திக்கொண்டேன். நான் கத்தினால் திரும்பக் கத்தத் தெரியாத மனிதர். அதுதான் இத்தனை வருடம் என்னைக் கொன்றது.

ஏப்ரல் 8, செவ்வாய்

அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் தட்டினேன். 'அன்புள்ள அனைவருக்கும், ஒரு தவறான புரிதல் காரணமாக...' அழித்தேன். தவறான புரிதலாம். மறுபடி தட்டினேன். 'என் கணவர்' வரை வந்தது. அழித்தேன். அந்த வெள்ளிக்கிழமை நான் அறுத்த நேரத்தில் இவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அந்த இடத்தில் நினைப்பு வந்துவிட்டது. பதினான்கு முறை.

ஓசூரிலிருந்து இன்றும் ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 10, வியாழன்

அந்த நம்பரைத் தடுப்பிலிருந்து எடுத்தேன். அவரிடம் சொல்லவில்லை. டைனிங் டேபிளில் பாதியைக் காலி செய்து மின்விசிறியைத் திருப்பி வைத்தேன். "மாடிக்குப் போனா காலை உடைப்பேன்" என்றேன். வந்து உட்கார்ந்தார். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். நாள் முழுவதும் இருவரும் ஒரே அறையில், ஒரு வார்த்தை பேசவில்லை.

ஏப்ரல் 12, சனி

"நாளைக்கு நீங்க சொல்லலேன்னா நான் சொல்வேன். நான் சொன்னா எப்படிச் சொல்வேன்னு உங்களுக்கே தெரியும்" என்றேன்.

"தெரியும்" என்றார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

வந்தார். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டுதான் வந்தார்.

ஜெசிந்தா டூட்டி முடிந்து நேராக வந்து யூனிஃபார்மோடு தூண் பக்கம் நின்றாள். மோட்டார், குப்பை வண்டி எல்லாம் முடிந்தது. நான் எழுந்தேன். "போன தடவை ஜெசிந்தாவைப் பத்தி நான் சொன்னது பொய்" என்றேன். தப்பு என்று சொல்வதாகத்தான் இருந்தேன். வாயில் பொய் என்று வந்தது. "அவ எங்க நெட்டைத் தொடவே இல்ல. நான் விசாரிக்காம அவளை அசிங்கப்படுத்தினேன்."

"அப்ப யாரும்மா அது?" என்றார் நாச்சியப்பன் சார்.

நான் இவர் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் கெஞ்சுவது போல இருக்கும், இல்லை மிரட்டுவது போல இருக்கும். ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"நான்தாங்க" என்றார் இவர். "எனக்கு வேலை போயிருச்சு. ஜனவரிலேர்ந்து. வீட்ல சொல்லாம மாடில உக்காந்திருந்தேன். இந்தப் பொண்ணுக்குத் தெரியும். நான் கேட்டுக்கிட்டதால சொல்லல. அன்னைக்கு இவ பேர் கெட்டப்ப நானும் இங்கதான் உக்காந்திருந்தேன். வாயைத் திறக்கல." சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "அவ்ளோதாங்க."

முதல் மாடி அம்மாள் முந்தானையைச் சரிசெய்தாள். நாச்சியப்பன் சார் எழுந்து வந்து இவர் தோளில் கை வைத்தார். "மேனேஜர் சார், என்கிட்ட சொல்லக் கூடாதா?" என்றார். அந்தக் குரலில் இருந்த இரக்கத்தைக் கேட்டதும் எனக்கு அவரைப் பிடித்துத் தள்ள வேண்டும் போலிருந்தது. இவரைப் பார்த்துப் பாவம் என்று நினைக்கிற உரிமையை யார் இவர்களுக்குக் கொடுத்தது?

ஜெசிந்தா, "சரிங்க சார்" என்று மட்டும் சொன்னாள். படியேறிப் போய்விட்டாள்.

நாச்சியப்பன் சார் அங்கேயே பேத்தியை விட்டு மஸ்கட்டுக்குப் போன் போட்டார். ஓனர் மனம் இறங்கிவிட்டார், அந்தப் பெண் தாராளமாக இருக்கட்டும் என்றாராம். நான்தான் ஓடிப்போய் அவளிடம் சொன்னேன்.

"வேற வீடு பாத்துட்டேன்கா. ஆஸ்பத்திரி பக்கத்துல" என்றாள்.

"இங்கதான் இருக்கலாம்னு சொல்லிட்டாரே."

"ஆமா. சொல்லிட்டாரு."

ஏப்ரல் 17, வியாழன்

ஓசூர்க்காரர்கள் வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். இரண்டு வரி மெயில். இவர் படித்துவிட்டு என் பக்கம் திருப்பிக் காட்டினார். நானும் படித்தேன். பிறகு ஒரு முழங்கால், ஒரு பித்தப்பை, இரண்டு இதயம் தட்டி அனுப்பினேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஜெசிந்தா இன்று வீட்டைக் காலி செய்தாள். சின்ன வண்டி ஒன்று வந்தது, ஒரே ஒரு ஆள். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் இரண்டு மாடி. இவர் பனியனோடு வெளியே போனார், ஒன்றும் கேட்காமல் பீரோவின் ஒரு முனையைப் பிடித்தார். அவளும் ஒன்றும் சொல்லவில்லை. "பாத்து சார், படி" என்றாள். பீரோ, கட்டில், வாஷிங் மெஷின் என்று மூன்று தடவை இறங்கி ஏறினார். நடுவில் அவள் தண்ணீர் கொடுத்தாள். வாங்கிக் குடித்தார்.

நானும் போனேன். வாசலில் சமையல் சாமான் பெட்டி இருந்தது. குனிந்து இரண்டு கையாலும் பிடித்தேன்.

"வைங்கக்கா" என்றாள் அவள். "சார் வந்து எடுத்துப்பாங்க."

"இல்ல ஜெசி, இது வெயிட் இல்லாமதான் இருக்கு."

"வைங்கக்கா."

வைத்தேன். இவர் வந்து எடுத்துக்கொண்டு போனார். வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்த மனிதர் தூக்கலாம். நான் தூக்கக்கூடாது. அவள் சொன்னது சரிதான் என்று எனக்குத் தெரியும். கதவைச் சாத்திக்கொண்டு வந்து இதை எழுதுகிறேன். கோபம் கோபமாக வருகிறது. யார் மேல் என்று மட்டும் எழுதப்போவதில்லை.